திருவிழா நோட்டீசுக்கு ஒரு எடிட்டர்

ஏப். 3, வியாழன்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் வெயில். துவைத்த துணி காய்ந்தது, அதுவே பெரிய செய்தி.

இன்று முதல் நான் மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிச் செயலாளர். இந்தத் தேயிலை எஸ்டேட்டில் பொம்பளை ஒருத்தி செயலாளர் ஆவது இதுதான் முதல் தடவை. ஆசைப்பட்டு யாரும் கொடுக்கவில்லை. இத்தனை வருடம் எழுதிவந்த முத்தையா அண்ணன் மகள் வீட்டோடு இருக்கச் சங்கரன்கோவில் கிளம்பிவிட்டார். ஆம்பிளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு நேரமில்லை. நேரமிருப்பவர்கள் படித்தது மலையாளம். நான் கம்பத்தில் படித்து, கல்யாணமாகி மலையேறிக் கேரளாவுக்கு வந்தவள். ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பேன். மாட்டினேன்.

தலைவர் சுப்பையா அண்ணாச்சி (சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர்டு, மீசை மட்டும் இன்னும் சர்வீசில்) சொன்னது:

"ஒரு வருசம் பாப்போம் தங்கம். நோட்டீஸ்ல தப்பு கிப்பு வந்துச்சுன்னு வையி, மறுபடி ஆம்பிளைக கையிலதான் போவும். பொறவு என்னையக் கொறை சொல்லப்பிடாது."

நாக்கு நுனி வரை வந்தது. போன வருட நோட்டீசில் மாவிளக்கு ஊர்வலம் ஓர் இடத்தில் மாலை என்றும் இன்னோர் இடத்தில் காலை என்றும் இருந்தது. அதை யார் கேட்டார்கள்? "சரிங்கண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். செயலாளர் ஆன முதல் நாளே சண்டை வேண்டாம்.

முத்தையா அண்ணன் ஒப்படைத்த அலுவலகம்: ஓர் உரச்சாக்கு. உள்ளே பழைய நோட்டீஸ்கள், மேளக்காரர் போன் நம்பர் எழுதிய பீடிக்கட்டு உறை, மைக்செட் ரசீது, வாடிப்போன மாலை ஒன்று, எதற்கென்று தெரியாத சாவி.

என் குறிப்புகளும் யோக்கியமில்லை. காலண்டர் பின்பக்கம், அரிசி டப்பா மூடி, வாட்ஸாப்பில் எனக்கு நானே அனுப்பியது, இடது கை. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஒழுங்காக வைத்துவிட வேண்டும். முதலில் நல்ல எடிட்டர், அதாவது எழுதிவைக்கும் புரோகிராம், ஒன்று வேண்டும். லேப்டாப்பில் இருந்த பழைய புரோகிராம் லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று சிவப்புப் பட்டை காட்டுகிறது.

ஏப். 5, சனி

வெயில். கொசு.

ஆபீசில் என் பக்கத்து சீட் பிஜு. ஆனைக்கரைக்காரன், மலையாளி. இலவச சாஃப்ட்வேர் விஷயத்தில் அவன் மாலை போட்ட சாமி மாதிரி. என் லேப்டாப்பில் போன வருடமே லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தவனும் அவன்தான்.

"சேச்சி, திறந்த சாஃப்ட்வேர் மதி, அது போதும். காசு கொடுத்து வாங்குறது பாவம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு அடுக்களை வரைக்கும் திறந்து கிடக்கணும், யார் வேணும்னாலும் போய் பாக்கலாம்."

எங்கள் வீட்டு அடுக்களையும் அப்படித்தான் கிடக்கிறது. யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அவன் சொன்ன முதல் எடிட்டரை ஏற்றினேன். திறந்தால் கறுப்புத் திரை. பெயர் வைத்தேன்: கறுப்பன். 'அருள்மிகு' என்று அடித்தேன். எழுத்து வரவில்லை, டிங் டிங் என்று சத்தம் வந்தது. இன்னும் அழுத்தினேன், இருந்த வரியும் போயிற்று. சரி, மூடிவிடலாம் என்றால் மூட வழியில்லை. பெருக்கல் குறி இல்லை, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. சோறு பொங்கி வழியும் வரைக்கும் வெளியே வரப் போராடினேன். கடைசியில் வயரைப் பிடுங்கினேன். (பேட்டரி செத்து ரொம்ப நாள். அதற்கு வயரில்தான் உயிர்.)

வேலுச்சாமி, என் வீட்டுக்காரர், குமுளியில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னது: "வாசல் இல்லாத வீட்டுக்குள்ள என்னத்துக்குப் போன?"

ஏப். 6, ஞாயிறு

மேகம். மழை வரும் மாதிரி வந்து போனது.

இரண்டாவது: யானை. அதற்குள் எல்லாம் இருக்கிறது. காலண்டர், கால்குலேட்டர், கடிதம் அனுப்புவது, விளையாட்டுக்கூட. எழுதவும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விரலை மூன்று மூலையில் வைத்து ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒரு பத்தியை நகர்த்துவதற்குள் சுண்டுவிரல் சுளுக்கிக்கொண்டது. தைலம் தேய்த்தேன். கோயில் நோட்டீசுக்கு யானை எதற்கு, அதுவும் சொல் பேச்சுக் கேட்காத யானை. அனுப்பிவிட்டேன்.

மைக்செட் அட்வான்ஸ் சொல்ல வேண்டும். மறக்காதே. (இதை எழுத எடிட்டர் இல்லை, அதனால் இங்கே.)

ஏப். 8, செவ்வாய்

மூன்றாவது: நூல்கண்டு. இதை நானே இண்டர்நெட்டில் கண்டுபிடித்தேன். ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு நூல் போட்டுக் கட்டலாம். கட்டக் கட்டப் படமாகக் காட்டும். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மேளக்காரரைப் பூசாரியோடு கட்டினேன், பூசாரியை சுப்பையா அண்ணாச்சியோடு, அண்ணாச்சியைச் சின்னச்சாமி அண்ணனோடு. (இந்த இரண்டு பேரும் ஓர் எருமைக் கன்று விஷயமாகப் பேசுவதை நிறுத்திப் பல வருடம். அதனால் சிவப்பு நூல்.) மத்தியானத்துக்குள் திரை முழுக்கச் சிலந்திக்கூடு.

வேலுச்சாமி எட்டிப் பார்த்தார். "இது யாரு வீட்டுச் சண்டை?"

"சண்டை இல்ல. இது திருவிழா."

"ரெண்டும் ஒண்ணுதான."

பிஜுவிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. "அய்யோ சேச்சி, இது ஓசிதான், பட்சே திறந்ததில்ல! அடுக்களை பூட்டியாக்கும்!" கடையில் மீனை வாங்கி வந்து பூஜையறையில் வைத்தவளைப் பார்ப்பது போல் பார்த்தான். அழித்துவிட்டுத்தான் எழுந்து போனான். என் சிலந்திக்கூடு போயிற்று. அவன்மேல் சாயங்காலம் வரை கோபம். ரஸ்க் கொடுத்தான், வாங்கவில்லை. பிறகு வாங்கினேன்.

ஏப். 9, புதன்

மத்தியானத்துக்கு மேல் கோடை மழை, இடி.

நான்காவது: வெள்ளை. ஒன்றுமில்லாத வெள்ளைத் தாள். மெனுகூட நாலே நாலு. இதுதான் எனக்கு என்று நினைத்தேன். நோட்டீஸ் முழுவதையும் அடித்தேன். கொடியேற்றம், கும்மி, மாவிளக்கு, அன்னதானம், பெயர்கள் எல்லாம். கடைசிப் பெயர் அடிக்கும்போது இடி. கரண்டு போயிற்று. வந்த பிறகு பார்த்தால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. சேமிக்கச் சொல்லவில்லையாம் நான். அதுவாகச் செய்யாதாம்.

உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சுப்பையா அண்ணாச்சி வேறு அந்தப் பக்கம் குடையோடு போனவர் ஜன்னலில் தலையை நீட்டி, "நோட்டீஸ் ஆச்சா?" என்றார்.

"ஆயிட்டிருக்குங்கண்ணாச்சி."

"முத்தையா ஒரு மத்தியானத்துல எழுதிருவான்."

எனக்கு வேண்டியது இனி ஒன்றே ஒன்று. சொல்லாமலே சேமிக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏப். 11, வெள்ளி

ஐந்தாவது எடிட்டர் கிடைத்துவிட்டது! பிஜு பென் டிரைவில் கொண்டுவந்தான். சின்னது, திறந்தது, அடுக்களை அலமாரி எல்லாம் திறந்தது. தமிழ் முத்து முத்தாக வருகிறது. ஓர் எழுத்து அடித்தால் அந்த எழுத்து அப்போதே பத்திரம். சோதிக்க நானே வயரைப் பிடுங்கினேன். மூன்று தடவை பிடுங்கினேன். மூன்று தடவையும் ஒரு புள்ளிகூடப் போகவில்லை. பெயர்: குட்டி.

"இதுதான் சேச்சிக்குப் பற்றியது, ஏற்றது" என்றான் பிஜு. ரஸ்க் நான் வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பெயர்ப் பட்டியலை மறுபடி அடித்து முடித்தேன். நோட்டீசில் இதுதான் உயிர். திருவிழாவின் கடைசி நாள் பூஜை முடிந்ததும், பூசாரி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் வாசிப்பார். வாசிக்கும் வரிசையில்தான் ஒவ்வொரு வீட்டாரும் போய்த் திருநீறும் தேங்காய் மூடியும் பழமும் வாங்க வேண்டும். முதலில் மலையேறி வந்தவர்கள் குடும்பம் முதலில், பிறகு வந்தவர்கள் பிறகு. எந்த விதியும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போன வருட நோட்டீசைப் பார்த்து இந்த வருடம், அதற்கு முந்திய வருடத்தைப் பார்த்துப் போன வருடம். சுப்பையா அண்ணாச்சி முதல். வேலுச்சாமி ஏழாவது. ஏழாவது என்பதில் இவருக்கு இருக்கும் கர்வம் ஜீப் விஷயத்தில்கூடக் கிடையாது.

கடைசிப் பெயர் அமராவதி அக்கா. ஆறாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறவர், தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். வீட்டுக்காரர் செத்த வருடத்தில் நடுவிலிருந்து கடைசிக்குப் போயிருக்கிறது அவர் பெயர். பழைய நோட்டீஸ்களை அடுக்கிப் பார்த்ததில் தெரிந்தது. முத்தையா அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஆம்பிளை இல்லாத வீட்டைக் கடைசியில போடுறது. அது அப்படித்தான்மா. நீ ஒண்ணும் கிளப்பாத."

கிளப்பவில்லை. உள்ளது உள்ளபடி அடித்தேன். அடிக்கும்போது எரிச்சலாக இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஏப். 13, ஞாயிறு

நாளைக்கு விசு, சித்திரை ஒன்று. வெள்ளரிக்காய், கொன்றைப்பூ வாங்கியாயிற்று. வேலுச்சாமி விடுமுறைக் கூட்டம் என்று குமுளியிலேயே கிடக்கிறார்.

வேலையெல்லாம் முடித்துவிட்டுக் குட்டியோடு சும்மா விளையாடினேன். ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கலாம். திரையைப் பச்சையாக்கலாம். ஒரு பொத்தான், வரிகளை வரிசைப்படுத்து என்று. பெயர்ப் பட்டியலை வைத்து அமுக்கினேன். கண் மூடித் திறப்பதற்குள் அ, ஆ, இ, ஈ என்று சமர்த்தாக நின்றுவிட்டது! தமிழ் அகரவரிசை தெரிகிறது இதற்கு! கை தட்டினேன். நான் படித்த ஸ்கூலில் ஆஜர் கூப்பிடுவது மாதிரி அத்தனை பெயரும் ஒழுங்காக நின்றன. ரசித்துக்கொண்டிருக்கும்போதே இடி, கரண்டு கட்.

பயமே இல்லை. குட்டி பார்த்துக்கொள்வாள். எழுந்துபோய் வெள்ளரிக்காயைக் கழுவி வைத்தேன்.

ஏப். 15, செவ்வாய்

நேற்று விசு. கம்பத்தில் பிரஸ் லீவு. இங்கே சுற்று வட்டாரத்தில் தமிழ் அச்சடிக்க ஆளில்லை, மலையிறங்கிக் கம்பத்துக்குத்தான் போக வேண்டும். ஃபைலைத் திறந்தேன், ஒரு புள்ளி குறையவில்லை. அப்படியே பிரஸ்காரருக்கு அனுப்பினேன். மத்தியானம் புரூஃப் போனில் வந்தது. "அவசரம்க்கா, கல்யாண சீசன், இப்பவே பாத்துச் சொல்லுங்க."

பிழை பார்க்கும்போது கீழிருந்து மேலே படிக்க வேண்டும், இல்லையென்றால் கண் ஏமாற்றும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அப்படியே செய்தேன். போன் திரையில் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் ஒரு பெயர்தான் தெரிகிறது. நல்லதுதான், கவனம் சிதறாது. கீழே எடுத்த எடுப்பில் 'வேலுச்சாமி'. நம்ம பெயர், ஒரு குறையுமில்லை. ஒன்றொன்றாக மேலே போனேன். 'அமராவதி' வரை. எல்லாம் சரி. அடிக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு தப்பில்லை. முத்தையா அண்ணன் வந்து பார்க்கட்டும்.

ஏப். 18, வெள்ளி

புனித வெள்ளி, ஆபீஸ் லீவு. காலையிலேயே வெயில் சுள்ளென்று.

கம்பம் பஸ்ஸில் நோட்டீஸ் கட்டு வந்தது. மஞ்சள் தாள், பச்சை எழுத்து. கோயிலுக்குக் கொண்டுபோனோம். முதல் நோட்டீசை மஞ்சள் குங்குமம் தடவி அம்மன் பாதத்தில் வைக்க வேண்டும், தலைவர் கையால். வைத்து எடுத்தால் அது அம்மன் வாக்கு. அதற்கு மேல் ஓர் எழுத்தை மாற்றக் கூடாது. ஒரு வருடம் அன்னதானம் மத்தியானத்துக்குப் பதில் காலை ஆறு மணி என்று அச்சாகிவிட்டது. ஆறு மணிக்கே, பனியில் நடுங்கிக்கொண்டே, சாம்பார் சாதம் சாப்பிட்டோம்.

சுப்பையா அண்ணாச்சி நோட்டீசை வாங்கி, மடிப்பைக்கூடப் பிரிக்காமல் பாதத்தில் வைத்தார். விழுந்து கும்பிட்டார். அவர் எதற்குப் பிரிக்க வேண்டும், முதல் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? எழுந்து, "பரவால்ல தங்கம், தாளு நல்லாருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாளைக்கு லயம் லயமாகக் கொடுக்க வேண்டும்.

ஏப். 20, ஞாயிறு

வானிலை எழுத மனசில்லை.

நேற்று சாயங்காலம் கொடுத்து முடித்தோம். இன்று காலை குழாயடியில் பேச்சு. நான் குடத்தோடு போனதும் நின்றது. திரும்பியதும் தொடர்ந்தது.

"சுப்பையா அண்ணாச்சி நடுவுல கெடக்காரு..."

"யாரு காசு குடுத்தாவளோ..."

"அமராவதி மொதல்லயாம்டி! அமராவதி!"

ஓடிவந்து நோட்டீசைப் பிரித்தேன். மேலிருந்து கீழே படித்தேன், இந்தத் தடவை. அ, ஆ, இ, ஈ. அன்றைக்கு விளையாடினேன், திருப்பிப் போடவில்லை. கரண்டு போனது, குட்டி பத்திரமாகச் சேமித்துவிட்டாள். எதற்காக அவளைத் தேடிப் பிடித்தேனோ அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

வேலுச்சாமி நோட்டீசைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழாவது நான். எங்க தாத்தாவும் ஏழாவது. கடைசியில கெடக்கேன் பாரு, மைக்செட் உதவிங்கிற வரிக்கு மேல!"

"தெரியாம நடந்துபோச்சுங்க."

"தெரியாம ஒருத்திக்குக் கட்டிக்கிட்ட புருசன் பேரு கடைசிக்குப் போகுமா?"

பத்து மணிக்குக் கோயிலில் கூட்டம். செயலாளர் வேலை போனால் போகட்டும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். எனக்குப் பிறகு இன்னொரு பொம்பளைக்குக் கொடுக்கவே மாட்டார்கள், என்னைச் சொல்லிச் சொல்லியே.

ஆளாளுக்கு ஒரு கணக்கு. நன்கொடைப்படி போட்டிருக்கிறாள் என்றார் ஒருவர். அப்படியென்றால் அமராவதி எவ்வளவு கொடுத்தாள் என்றார் இன்னொருவர். கோயிலுக்குப் பக்கத்து வீடு முதலில் என்றார்கள். ஆறாம் நம்பர் லயம் மலைக்கு அந்தப் பக்கம். சின்னச்சாமி அண்ணன் எழுந்து, "இதுல யாருக்கு ஆதாயம்னு பாருங்கப்பா. அவ வீட்டுப் பேரு எங்க இருக்கு?" என்றார்.

எல்லாரும் தேடினார்கள். மேலே, நடுவில். கடைசியில் பூசாரிதான் கண்டுபிடித்தார். "இந்தாருக்கு. அடியில."

தன் புருசன் பெயரையே கடைசியில் போட்டவள் காசு வாங்கியிருக்க முடியாது என்று ஒவ்வொருவர் முகத்திலும் ஓடுவது தெரிந்தது. வேலுச்சாமி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பையா அண்ணாச்சி கேட்டார்: "இது என்ன முறை தங்கம்? சொல்லு."

"அகரவரிசைங்கண்ணாச்சி. ஸ்கூல்ல ஆஜர் கூப்பிடுற மாதிரி. நான் வேணும்னு செய்யல. விளையாட்டுக்கு ஒரு பொத்தானை அமுக்கினேன், கரண்டு போயிருச்சு."

உண்மையை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. ஒருவரும் நம்பவில்லை. "பாத்தியா, எவ்வளவு தன்மையாச் சொல்லுதா" என்று பின்னால் ஒரு குரல். "யோசிச்சுத்தான் செஞ்சிருக்கா, படிச்சவ." என் தலையெழுத்து, பொய் சொன்னால் நம்புவார்கள்.

வேறு நோட்டீஸ் அடிப்போம் என்று ஒருவர் தொடங்கினார். பூசாரி சூலத்தைத் தட்டினார். "பாதத்துல வச்சாச்சு. வச்சது யாரு?"

எல்லாரும் சுப்பையா அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார். பிரிக்காமல் வைத்தேன் என்று தலைவர் எப்படிச் சொல்வார்? "பாத்துத்தான் வச்சேன்" என்றார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல் இருந்தது, சிரிப்பும் வந்தது.

கலையும்போது என்னிடம் மட்டும் தணிந்த குரலில்: "திருவிழா முடியட்டும். ஒன் விசயம் பொறவு பேசிக்கிடுவோம்."

ஏப். 23, புதன்

மழை. ஆபீசுக்கே மனுக்கள் வருகின்றன, அடுத்த வருடத்துக்காக.

மூர்த்தி: இனிமேல் அருள்மூர்த்தி.

ராசையா: வீட்டுப் பெயர் 'அன்னை இல்லம்', அதையும் சேர்த்து எழுது. (வீடு எஸ்டேட் கொடுத்த லயம். அதற்கு நம்பர் மட்டும்தான்.)

ஒருவர் பிறக்கப்போகும் பேரனுக்கு இப்போதே ஆ-வில் பெயர் கேட்டார்.

பிஜு விவரம் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "இதாக்கும் ஜனாதிபத்யம், ஜனநாயகம், சேச்சி! குட்டி ஒரு புரட்சி பண்ணிட்டாள்!" குட்டி ஒன்றும் பண்ணவில்லை, கரண்டு ஆபீஸ்தான் பண்ணியது என்றேன். வீட்டில் வேலுச்சாமி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கடைசிக்காரனுக்குச் சோறு உண்டா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட உட்காருகிறார்.

ராத்திரித் தூக்கமில்லை. சுப்பையா அண்ணாச்சி 'பொறவு' என்று சொன்ன விதம்.

மே 2, வெள்ளி

திருவிழாவின் கடைசி நாள். மழை பெய்யவில்லை, அம்மன் காப்பாற்றினாள்.

பூஜை முடிந்தது. பூசாரி மைக்கைத் தட்டினார். பழக்க தோஷம், சுப்பையா அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டு ஓர் எட்டு முன்னால் வைத்துக் கையையும் நீட்டிவிட்டார்.

"அமராவதி!"

நீட்டிய கையால் அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டார். ஸ்பீக்கர் நாலு பக்கமும் மலையில் பட்டு 'வதி வதி' என்றது. அமராவதி அக்கா எங்கேயோ பின்னால் பொங்கப்பானை கழுவிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டும் வரவில்லை, வேறு யாரையோ என்று நினைத்திருப்பார் போல. பொம்பளைகள் தள்ளிவிட்டார்கள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடுவில் நடந்து வந்தார். எனக்குக் கண் கலங்கியது. ஒரு பொத்தானைத் தப்பாக அமுக்கியதற்கு இவ்வளவு நல்லது நடக்கலாமா என்று இருந்தது.

அகரவரிசையில் சின்னச்சாமிக்கு அடுத்து சுப்பையா. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிவந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வரிசை நகரவில்லை. கடைசியில் சின்னச்சாமி அண்ணன்தான்: "தேங்கா இந்த வருசம் சின்னதுல்லா?"

"சின்னதுதான்" என்றார் அண்ணாச்சி. பல வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சு இது.

வேலுச்சாமி முறை வருவதற்குள் மைக்செட்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார், மேளம் வேறு ஆரம்பித்துவிட்டது. பூசாரி வாய் அசைந்தது, அவ்வளவுதான். ஆனால் கடைசி ஆள் என்பதால் தட்டில் மிச்சமிருந்த தேங்காய் மூடி, பழம், வெல்லம் எல்லாவற்றையும் துண்டில் கொட்டிவிட்டார். வேலுச்சாமி வீடு வரை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். நாங்கள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டோம்.

மே 4, ஞாயிறு

காலையில் அமராவதி அக்கா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு:

"என்ன தங்கம், எந்தேங்காயெல்லாம் ஒம்புருசன் துண்டுல போயிருச்சு! வருசா வருசம் கடைசியில நின்னு மிச்சத்த வாங்கி ஒரு வாரத்துக்குச் சட்னி அரைப்பேன். இப்ப ஒரு மூடி குடுத்து அனுப்பிட்டாவ."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பாதியை எடுத்து அவர் முந்தியில் கட்டிக் கொடுத்தேன். அடுத்த வருடம் பழையபடி கடைசியிலேயே போட்டுவிடவா என்று கேட்டேன். கொடுத்த டீயைக் குடித்து முடித்தார்.

"மைக்குல எம்பேரு கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

"நான் அதுக்கு முன்னால கேட்டதே இல்ல, பாத்துக்க. எம்மொறை வாரதுக்குள்ள மேளக்காரன் அடிக்க ஆரம்பிச்சிருவான். பூசாரி வாய் அசையும். நான்தான் போலிருக்குன்னு போயி கைய நீட்டிக்கிடுவேன்." கிளாசைக் கீழே வைத்தார். "தேங்கா போனாப் போவுது. நீ அப்பிடியே வையி."

சாயங்காலம் சுப்பையா அண்ணாச்சி. குடை, மீசை, செருமல்.

"கமிட்டியில பேசியாச்சு. அடுத்த வருசமும் நீயே எழுது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஆனா வரிசை பழைய வரிசை. அது ஒண்ணுதான். சம்மதம்னா எழுது, இல்லன்னா முத்தையா தம்பி மகன் இருக்கான்."

நல்ல பிள்ளையாகச் சரி என்று சொல்லியிருக்கலாம். அமராவதி அக்கா குடித்த கிளாஸ் இன்னும் அங்கேயே இருந்தது.

"எழுதுறேங்கண்ணாச்சி" என்றேன். "எழுதும்போது கரண்டு போகாம இருந்தா."

மீசை கொஞ்சம் அசைந்தது. குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நம்ம எஸ்டேட்ல கரண்டு போகாத நாளு எது தாயி?"

படியிறங்கிப் போய்விட்டார். சின்னச்சாமி அண்ணன் வீட்டுப் பக்கமாக.

மே 5, திங்கள்

ஆபீசிலிருந்து வந்ததும் அடுத்த வருட ஃபைலைத் திறந்து, வரிசைப்படுத்தும் அந்தப் பொத்தானை அமுக்கினேன். இடி. கரண்டு இல்லை. ஃபைல் பத்திரம்.